முதலாம் வகுப்புக்கு முன்



மாலையில் என்னிடம் ஓத வரும் சின்னப் பிள்ளைகளில், நர்சரிக்குப் போனவர் யார், போகாதவர் யார் என்பது இரண்டு நாளில் தெரிந்துவிடும். பென்சில் பிடிப்பதிலும், தன் முறை வரும்வரை காத்திருப்பதிலும் அது தெரியும். போகாத பிள்ளை புத்தியில் குறைந்ததல்ல. பிந்தி வந்த பிள்ளை, அவ்வளவுதான்.

ஏன் அனுப்பவில்லை என்று ஓர் உம்மாவிடம் கேட்டேன். "மாசா மாசம் சல்லி கட்ட ஏலாம நிப்பாட்டிட்டேன் ஹஸரத்" என்றார். அந்த ஆசிரியையின் நிலையும் அதுதான். பிள்ளைகள் கட்டும் காசே அவருடைய சம்பளம். பிள்ளை குறைந்தால் சம்பளமும் குறையும். இருவர் மீதும் குற்றமில்லை. ஏற்பாட்டில்தான் குறை.

நமது நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. முதலாம் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை ஆசிரியருக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது. அதற்கு முந்திய வருடங்களோ பெற்றோர் தலையில் நிற்கின்றன. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின் பின் முன்பள்ளிகளை மேற்பார்வை செய்யும் பொறுப்பு மாகாண சபைகளுக்குப் போனது. ஆனால் மேற்பார்வை வேறு, மாதச் சம்பளம் வேறு அல்லவா?

பதுளைக்கு வெளியே பசறை, லுணுகலை, ஹப்புத்தளைத் தோட்டங்களைப் பாருங்கள். அங்கே வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே பிள்ளைக் காம்பரா உண்டு. தாய் கொழுந்து பறிக்கும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த இடம் அது. படிப்புச் சொல்லிக் கொடுக்க வந்ததல்ல. 1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. பிள்ளைக் காம்பராவோ தோட்ட நிர்வாகத்தோடேயே நின்றுவிட்டது. பிற்பாடு பல இடங்களில் அது சிறுவர் அபிவிருத்தி நிலையமாக மாறியது. 2015இல் உலக வங்கி முன்பிள்ளைப் பருவ வளர்ச்சிக்கு 5 கோடி டொலர் கடன் அனுமதித்தபோது தோட்டங்களும் அதில் சேர்க்கப்பட்டன. நல்ல காரியமே. ஆனால் கடன் காசில் கட்டடம் எழும்பும். ஆசிரியையின் சம்பளம் மாதா மாதம் வரவேண்டும்.

அயல்நாடான இந்தியாவில் 1975இல் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது. அங்கே பணி செய்யும் பெண்களுக்குக் கொடுப்பனவு போதாது என்ற முறைப்பாடு இன்றும் உண்டு. ஆயினும் தாயிடம் பீஸ் கேட்பதில்லை. பிள்ளைக்குச் சாப்பாடும் கிடைக்கிறது.

நாம் என்ன செய்யலாம்? உங்கள் பிள்ளை போகும் நர்சரி பதிவு செய்யப்பட்டதா, ஆசிரியை பயிற்சி பெற்றவரா என்று கேளுங்கள். அரசாங்கக் கொடுப்பனவு ஏதும் கிடைக்குமா என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். வாக்குக் கேட்டு வருபவரிடம், "நர்சரி டீச்சரின் சம்பளத்தை யார் கொடுப்பது?" என்று கேளுங்கள். அதுவரை, ஊர் ஜமாஅத் ஓர் ஆசிரியையின் சம்பளத்தையாவது ஸதகாவாக ஏற்கட்டும். அந்த வகுப்பில் நமது பிள்ளையோடு தோட்டத்துப் பிள்ளையும் உட்காரட்டும். அந்தத் தாய்மார் நம் கடைகளில் சாமான் வாங்குபவர்கள்; நம் அயலவர்கள்.

பிள்ளை அமானிதம். நம் பிள்ளை மட்டுமல்ல, அயல்வீட்டுப் பிள்ளையும்தான்.

வஸ்ஸலாம்.