முதலாளி போகும்போது சாவி யாரிடம் போகிறது?

இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள விகன் நகரில் என் பெரியம்மாவின் மகன் வேலை செய்கிறார். டெஸ்கோ பேரங்காடியில் இரவு வேலை. வந்திறங்கும் பொருட்களைத் தட்டுகளில் அடுக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் அவர் தொலைபேசியில் சொன்ன ஒரு விடயத்தில் இருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. "தம்பி, நான் பால் பெட்டி அடுக்கிற இடத்தில முந்தி பெரிய கிறவுண்ட் ஒண்டு இருந்ததாம். இங்க சாமான் வாங்க வாற வயசு போன ஆக்கள் இப்பவும் அதைப் பற்றித்தான் கதைப்பினம்."

அந்த மைதானத்தின் பெயர் சென்ட்ரல் பார்க். விகன் றக்பி லீக் கழகத்தின் வீடு அது. 1959இல் அயல் நகரமான சென்ற் ஹெலன்ஸுடன் நடந்த ஓர் ஆட்டத்துக்கு அங்கே 47,747 பேர் திரண்டார்கள். 1988 முதல் 1995 வரை தொடர்ந்து 8 தடவைகள் சலஞ்ச் கிண்ணத்தை வென்ற கழகம் இது. அப்படிப்பட்ட கழகமே கடனில் சிக்கி மைதானத்தை விற்றது. 1999 செப்டெம்பரில் அதே சென்ற் ஹெலன்ஸுடன் கடைசி ஆட்டம் நடந்தது. பிறகு இடித்தார்கள்.

இலங்கையில் றக்பி என்றால் எமக்குக் கண்டியும் கொழும்பும்தான் ஞாபகத்துக்கு வரும். அது அணிக்கு 15 பேர் ஆடும் யூனியன் வகை. லீக் என்பது 13 பேர் ஆடுவது. அது பிரிந்த கதை விளையாட்டை விட வர்க்கத்தைப் பற்றியது. வட இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளர்களும் பஞ்சாலைத் தொழிலாளர்களும் சனிக்கிழமை விளையாடப் போனால் அன்றைய கூலியை இழந்தார்கள். அந்த இழப்பை ஈடுசெய்யக் கழகங்கள் அனுமதி கேட்டன. தெற்கின் கனவான்கள் மறுத்தார்கள். 1895 ஓகஸ்ட் 29ஆம் திகதி ஹடர்ஸ்பீல்ட் நகரின் ஜோர்ஜ் ஹோட்டலில் 20க்கும் மேற்பட்ட கழகங்கள் கூடித் தனியாகப் பிரிந்தன. விகனும் அவற்றில் ஒன்று. அரைநாள் கூலிக்காகப் பிறந்த இந்த விளையாட்டு இன்று ஏறக்குறைய முழுதாகப் பணக்காரத் தனிநபர்களின் தயவில் நிற்கிறது. அந்தத் தனிநபர்கள் இப்போது ஒருவர்பின் ஒருவராக விலகுகிறார்கள். வேக்பீல்ட் கழகத்தை ஒரு பத்தாண்டு நடத்திய மைக்கல் கார்ட்டர் 2023இல் விலகினார். ஹல் எப்சி கழகத்தில் 2011 முதல் இருந்த அடம் பியர்சனும் விலகிவிட்டார். இவர்களில் நான் அதிகம் கவனித்தது விகனின் இயன் லெனகனை.

லெனகன் விகன்காரர். மென்பொருள் வணிகத்தில் பணம் சேர்த்தவர், நாடகத் தயாரிப்பாளர். 2007 டிசெம்பரில் டேவ் வீலனிடம் இருந்து கழகத்தை வாங்கினார். வீலனும் விகனில் வளர்ந்தவர்தான். சந்தைக் கடையில் தொடங்கி ஜேஜேபி விளையாட்டுப் பொருள் கடைகளை உருவாக்கியவர். அவருக்கு றக்பியை விட விகன் அத்லெட்டிக் என்ற உதைபந்தாட்டக் கழகத்தில்தான் ஆசை அதிகம். அவர் கட்டிய மைதானத்தில் இரண்டு கழகங்களும் ஆடின. ஆனால் மைதானம் இருந்தது உதைபந்தாட்டக் கழகத்தின் கையில். றக்பி கழகம் வாடகைக்குடி. கதையின் சிக்கலே இதில்தான்.

லெனகன் காலத்தில் விகன் வாரியர்ஸ் 5 சுப்பர் லீக் பட்டங்களையும் (2010, 2013, 2016, 2018, 2023) 3 சலஞ்ச் கிண்ணங்களையும் (2011, 2013, 2022) வென்றது. 2017இல் அவுஸ்திரேலியச் சம்பியனையும் தோற்கடித்தது. இவற்றை விட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் ஆட்களை வளர்த்த விதம். முன்னாள் வீரரும் விகனில் பிறந்தவருமான கிறிஸ் ரட்லின்ஸ்கியை நிர்வாகத்துக்குக் கொண்டுவந்து பிரதம நிறைவேற்று அதிகாரி வரை உயர்த்தினார். 2021இல் தலைமைப் பயிற்றுநர் பதவி மட் பீட்டுக்குப் போனது. பீட் பெரிய வீரராக இருந்தவர் அல்லர். கழகத்தின் இளைஞர் பிரிவில் வேலை செய்து வந்த உள்ளூர்க்காரர்.

விலகியதும் ஒரே நாளில் அல்ல. தலைவர் பதவி முதலில் கைமாறியது. கழகத்தின் வைத்தியராக நீண்டகாலம் இருந்த பேராசிரியர் கிறிஸ் ப்ரூக்ஸ் அந்தப் பொறுப்பை எடுத்தார். 2023இல் பெரும்பான்மைப் பங்குகள் மைக் டான்சனிடம் போயின. டான்சனும் விகனில் பிறந்தவர், தரவு ஆய்வுக் கம்பனியான குளோபல்டேட்டாவின் நிறுவனர். அடுத்த ஆண்டு, 2024இல், உலகக் கழகச் சம்பியன், சலஞ்ச் கிண்ணம், புள்ளிப்பட்டியல் கேடயம், இறுதிப்போட்டி என நான்கையும் விகன் வென்றது. உரிமையாளர் மாறிய குலுக்கல் மைதானத்தில் தெரியவே இல்லை.

இது எவ்வளவு அரிதானது என்பதை அறிய அதே மைதானத்தின் மற்றக் கழகத்தைப் பார்க்க வேண்டும்.

வீலன் காலத்தில் அத்லெட்டிக் நான்காம் தரத்தில் இருந்து பிரீமியர் லீக் வரை ஏறியது. 2013இல் மன்செஸ்டர் சிற்றியை 1-0 என வென்று எப்ஏ கிண்ணத்தைத் தூக்கியது. 2015இல் வீலன் தலைவர் பதவியைத் தன் பேரனிடம் கொடுத்தார். 2018 நவம்பரில் கழகத்தை ஹொங்கொங் கம்பனி ஒன்றுக்கு விற்றார். அந்தக் கம்பனி 2020 ஜூன் தொடக்கத்தில் இன்னொரு நிதியத்துக்குக் கைமாற்றியது. ஜூலை 1ஆம் திகதி, ஒரு மாதம்கூட நிறைய முன், கழகம் வங்குரோத்து நிர்வாகிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. புதியவர்கள் ஏன் வாங்கினார்கள், ஏன் ஒரு மாதத்துக்குள் கைவிட்டார்கள் என்பதற்கு நகர மக்களுக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

கொரோனா காலம். மைதானத்துக்குள் ஆதரவாளர்கள் இல்லை. சம்பளம் எப்போது வரும் என்று தெரியாத அந்த அணி ஜூலை 14ஆம் திகதி ஹல் சிற்றியை 8-0 என அடித்தது. இடைவேளையில் 7-0. தண்டனையாக 12 புள்ளிகள் வெட்டப்படாவிட்டால் 13ஆம் இடத்தில் முடித்திருப்பார்கள். வெட்டப்பட்டதால் தரம் இறக்கப்பட்டார்கள். ஊழியர்கள் பலர் வேலை இழந்தார்கள். ஆதரவாளர்கள் உண்டியல் பிடித்த மாதிரி இணையத்தில் காசு சேர்த்தார்கள். வாடகைக்குடியான றக்பி கழகத்துக்கும் பயம் வந்தது. லெனகன் ஒரு குழுவுடன் சேர்ந்து அத்லெட்டிக்கை வாங்க முயன்றார். கைகூடவில்லை. ஒரு குறிப்பு: உதைபந்தாட்ட லீக்கின் தலைவராக 2016 முதல் 2018 வரை இருந்தவரே இந்த லெனகன். விதிகளை உள்ளே இருந்து அறிந்த ஒருவராலும் தன் ஊர்க் கழகத்துக்கு நடப்பதைத் தடுக்க முடியவில்லை.

2021இல் பஹ்ரைன் முதலீட்டாளர்கள் வாங்கினார்கள். 2023இல் மீண்டும் சம்பளத் தாமதம், மீண்டும் புள்ளி வெட்டு, மீண்டும் தரமிறக்கம். அந்த ஜூனில் டான்சன் அத்லெட்டிக்கை வாங்கினார், மைதானமும் சேர்ந்தே வந்தது. சில மாதங்களில் றக்பி கழகமும்.

வீலனைக் குறை சொல்லி லெனகனைப் புகழ்வது இலகு. அப்படிச் செய்ய எனக்கு விருப்பமில்லை. வீலன் விற்றது ஒரு பதிவு செய்யப்பட்ட கம்பனிக்கு, லீக்கின் அனுமதியோடு. அவர் விற்றபோது 2020 நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை. முதல் கைமாற்றத்தை நாம் பார்க்கலாம், இரண்டாவதை யார் பார்ப்பது? முதலாளி ஒருவர் போகும்போது ஆதரவாளர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் கிண்ணங்களைப் பற்றியவை அல்ல என்று நான் நினைக்கிறேன். மைதானத்தின் உறுதி யார் பெயரில் இருக்கிறது? நட்டத்தை ஈடுகட்ட அவர் போட்ட பணம் கழகத்தின் கணக்கில் கடனாக நிற்கிறதா, பங்காக மாறிவிட்டதா? கடனாக நின்றால் போகிறவர் அதைத் திருப்பிக் கேட்பாரா? வாங்குகிறவர் நாளை விற்க நினைத்தால் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

சல்போர்ட் கழகத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். பாலஸ்தீனப் பின்னணி கொண்ட குதிரைப் பந்தயப் பிரமுகர் மர்வான் கூகாஷ் 2013இல் வந்தார், சில ஆண்டுகளில் விலகினார். அவருக்குப் பின் சிறிய பணத்தில் ஓடிய கழகம் 2019 இறுதிப்போட்டிக்கும் 2020 சலஞ்ச் கிண்ண இறுதிக்கும் போனது. நல்ல மனிதர்கள், நல்ல அணி, கையில் காசில்லை. 2025 தொடக்கத்தில் புதிய முதலீட்டாளர் குழு ஒன்று வாங்கியது. சொன்ன பணம் சொன்ன நேரத்தில் வராததால் சம்பளச் செலவுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. பருவத்தின் முதல் ஆட்டத்துக்குப் பெரும்பாலும் அனுபவமற்ற இளைஞர்களை இறக்கினார்கள். சென்ற் ஹெலன்ஸ் 82-0 என வென்றது. மைதானத்தில் நின்ற அந்தப் பிள்ளைகள் செய்த பிழை ஒன்றுமில்லை.

உதைபந்தாட்டத்துக்குப் பிரித்தானியா 2025இல் சட்டம் இயற்றிச் சுயாதீன ஒழுங்குபடுத்துநர் ஒருவரை அமைத்துவிட்டது. முதல் ஐந்து தரங்களில் உள்ள ஆண்கள் கழகங்களை யார் வாங்கலாம், மைதானத்தை விற்கலாமா என்பதெல்லாம் அதன் பார்வைக்குள் வரும். றக்பி லீக் அதற்குள் வராது. ஒரே மைதானத்தில் ஆடும் இரண்டு விகன் கழகங்களில் ஒன்றுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, மற்றதற்கு இல்லை. இதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

வேறு வழி இல்லாமலும் இல்லை. சிட்னியின் சவுத் சிட்னி கழகம் 2006இல் நடிகர் ரசல் குரோவும் பீற்றர் ஹோம்ஸ் அ கோர்ட்டும் வாங்க வந்தபோது உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. முக்கால்வாசிப் பேரின் ஆதரவு தேவை. 75.8 சதவீதம் கிடைத்தது, மயிரிழையில். அப்போதும் கால்வாசிப் பங்கை உறுப்பினர்கள் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள். விகனில் பங்குகள் கைமாறியபோது ஆதரவாளர் எவரிடமும் வாக்குக் கேட்கப்படவில்லை. நல்லவர் நல்லவரிடம் கொடுத்தார் என்பது அவர்களின் அதிர்ஷ்டம். இன்று அந்த நகரத்தின் இரண்டு கழகங்களும் மைதானமும் ஒரே மனிதரின் கையில். டான்சன் மீது எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. ஆனால் அவருக்கும் ஒரு நாள் களைப்பு வரும்.

இந்தக் கதையை எமது வாசகர்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று சிலர் கேட்கக்கூடும். எமது ஊர்க் கழகங்களுக்கு முதலாளிகள் இல்லை. கோயில் காணியிலோ பாடசாலைக் காணியிலோ யாரோ ஒருவரின் தனிக்காணியிலோ ஆடுகிறோம். போருக்குப் பிறகு மின்விளக்குக்கும் சுற்றுமதிலுக்கும் வெளிநாட்டில் உள்ள ஊரவர்கள் காசு அனுப்புகிறார்கள். பல இடங்களில் அந்தக் காசு ஒரே ஒரு அண்ணையிடம் இருந்து வருகிறது. அவருக்கு வயது போனால், வேலை போனால், மனஸ்தாபம் வந்தால் என்ன செய்வது என்பதைக் கழகக் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை, கேட்டால் நன்றிகெட்டவன் என்பார்கள். ஆனால் காணி யார் பெயரில் என்ற கேள்வியின் பாரம் எமக்குத் தெரியாததல்ல. கேப்பாப்புலவு மக்கள் அந்த ஒரு கேள்வியோடு முகாம் வாசலில் ஆண்டுக்கணக்கில் இருந்தவர்கள்.

இதை எழுதி முடிக்கும் முன் அண்ணாவுக்கு மறுபடி எடுத்தேன். விகன்காரர் லெனகனைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். "நல்ல மனிசன் எண்டுதான் சொல்லுவினம்" என்றார். டான்சனைப் பற்றி? "அவரையும் நல்ல மனிசன் எண்டுதான் சொல்லுகினம்." கொஞ்சம் பொறுத்து, "ஆனா அந்தக் கிறவுண்டை வித்தது ஆர் எண்டு கேட்டால் மட்டும் ஆளுக்கொரு பேர் சொல்லுவினம்" என்றார். பிறகு லொறி வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டார்.