குதிரையிலிருந்து விழுந்தவர்தான் முதல் கௌபாய்!

கௌபாய் படம் என்றாலே ஜான் வெய்ன், கிளின்ட் ஈஸ்ட்வுட் என்று ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்கெல்லாம் முன்னாடியே அந்தக் கடையைத் திறந்தவர் ஒருத்தர் உண்டு. ப்ராங்கோ பில்லி ஆண்டர்சன்.

பெயர் தெரிந்தவர்கள்கூட அவரைப் பற்றி ஒரே ஒரு கதைதான் சொல்வார்கள். 1903-ல் எட்வின் போர்ட்டர் 'தி கிரேட் ட்ரெயின் ராபரி' எடுத்தபோது, குதிரை ஓட்டத் தெரியும் என்று பீலா விட்டு உள்ளே நுழைந்தார், குதிரை கீழே தள்ளிவிட்டது என்று. சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள்.

இது அநியாயம்.

"அவர் நிஜ கௌபாய் இல்லையே" என்பதுதான் குற்றச்சாட்டு. உண்மைதான். 1880-ல் ஆர்கன்சாஸில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர், இயற்பெயர் மேக்ஸ் ஆரன்சன். ஆனால் ஜான் வெய்ன் மட்டும் யார்? அயோவாவில் பிறந்த மேரியன் மாரிசன். வில்லியம் ஹார்ட்? ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்துவிட்டு வந்த மேடை நடிகர். அவர்களிடம் யாரும் சர்டிபிகேட் கேட்பதில்லை. இவரிடம் மட்டும் ஏன்?

அவர் செய்த காரியம் குதிரைச் சவாரி இல்லை, வியாபாரம். 'கிரேட் ட்ரெயின் ராபரி'யில் மூன்று வேடம் போட்டார், ஆனால் திரையில் ஒரு நடிகர் பெயரும் கிடையாது. 1907-ல் ஜார்ஜ் ஸ்பூருடன் சேர்ந்து சிகாகோவில் எஸ்ஸனே கம்பெனியைத் தொடங்கினார். இருவர் பெயரின் முதல் எழுத்துகளான எஸ், ஏ இரண்டும் சேர்ந்ததுதான் அந்தப் பெயர். 1910 முதல் 'ப்ராங்கோ பில்லி' என்ற ஒரே பாத்திரத்தை வைத்து நூற்றுக்கும் மேற்பட்ட குறும்படங்கள். நல்ல மனசுள்ள திருடன், கடைசியில் திருந்துவான். கதைகள் எளிமையானவைதான், நடிப்பும் பிரமாதம் இல்லை. ஆனாலும் அடுத்த வாரமும் அதே ஆளைப் பார்க்க ஜனங்கள் காசு கொடுத்தார்கள். கௌபாய் பாத்திரத்தை ஒரு பிராண்டாக மாற்றியது அவர்தான். பின்னால் வந்தவர்கள் எல்லாம் அந்த முதலீட்டின் வட்டியைத்தான் சாப்பிட்டார்கள்.

ஹாலிவுட் ஹாலிவுட் ஆகும் முன்பே, கலிபோர்னியாவின் நைல்ஸ் என்ற சின்ன ஊரில் ஸ்டூடியோ நடத்தினார். 1914 கடைசியில் சாப்ளினை வாரம் 1250 டாலர் சம்பளத்துக்கு எஸ்ஸனேவுக்கு இழுத்து வந்ததும் அவர்தான். 'தி ட்ராம்ப்' நைல்ஸில்தான் எடுக்கப்பட்டது. சாப்ளின் ஒரே வருஷத்தில் கிளம்பிவிட்டார். 1916-ல் ஆண்டர்சனும் தன் பங்கை விற்றுவிட்டு வெளியேறினார். அதற்குள் முழு நீளப் படங்களின் காலம் வந்துவிட்டது, மேடை ஹார்ட்டுக்கும் டாம் மிக்ஸுக்கும் போய்விட்டது.

ஒருவழியாக 1958-ல் ஒரு கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். அவர் நட்சத்திரமாக இருந்த காலம் முடிந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. 1971-ல், 90 வயதில் இறந்தார்.

வழி போட்டவனை மறந்துவிட்டு அதில் வண்டி ஓட்டியவனுக்கு மட்டும் மாலை போடுவதற்குப் பெயர் வரலாறா? அடுத்த தடவை யாராவது அந்தக் குதிரைக் கதையைச் சொன்னால், மீதிக் கதையையும் சொல்லச் சொல்லுங்கள்.