சேர்த்துவிட்டோம், பிறகு?



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் நம் பங்குகளில் ஒரு மகிழ்ச்சி உண்டு. ஞாயிறு திருப்பலி முடிவில் பெயர் வாசிப்போம், கைதட்டுவோம், சால்வை போர்த்துவோம். அந்தப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய் என்ன ஆனார்கள் என்று அடுத்த ஆண்டு யாரும் கேட்பதில்லை. பாதியில் நின்றுவிட்ட பிள்ளையின் பெயரை எந்த ஞாயிறும் நாம் வாசிப்பதில்லை.

2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழகத்திலேயே முதலிடம். இந்தப் பெருமையை நாம் சொல்லாத மேடை இல்லை. ஆனால் அந்தச் சராசரிக்குள் தூத்தூர் கடற்கரைப் பிள்ளையும் இருக்கிறது, பேச்சிப்பாறைப் பகுதியின் காணி இனப் பிள்ளையும் இருக்கிறது, ஊர்க் கடைசியில் வாழும் தலித் கிறிஸ்தவப் பிள்ளையும் இருக்கிறது. இவர்களில் பலர் தம் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயலுக்குத் தந்தையைப் பறிகொடுத்த பிள்ளைகளும் ஒவ்வொருவராக வளர்ந்து இன்று அந்த வாசலுக்கு வருகிறார்கள்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளிகளில் படித்து வந்த மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. நல்லதே. கையில் கொஞ்சம் காசு இருக்கும், புத்தகம் வாங்கலாம். ஆனால் முதல் மாதம் முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு புரியாமல் பின்வரிசைக்கு நகர்ந்துவிடும் பிள்ளைக்கு அந்த ஆயிரம் ரூபாய் பாடம் சொல்லித் தராது.

தலித் கிறிஸ்தவருக்கு இன்னொரு சுமையும் உண்டு. 1950-ம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியலினத் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழகத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். பழங்குடியினருக்கு இந்த மதத் தடை இல்லை. காணிப் பிள்ளை எந்த மதத்தில் இருந்தாலும் பழங்குடியே. இது குறித்து ஆராய மத்திய அரசு 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தலித் கிறிஸ்தவருக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது.

அரசிடம் நீதி கேட்கும் நாம் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். தமிழக ஆயர் பேரவை தலித் கத்தோலிக்கருக்காகப் பத்து அம்சத் திட்டத்தை 1990-லேயே அறிவித்தது. இந்திய ஆயர் பேரவை 2016-ல் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. தாள்களுக்குப் பஞ்சமில்லை.

கல்லூரிக்குள் சேர்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணமும் பொய்த்துவிட்டது. 2016-ல் ஐதராபாத்தில் ரோகித் வெமுலாவையும் 2019-ல் மும்பையில் மருத்துவர் பாயல் தத்வியையும் இழந்தோம். இருவரும் படிப்பில் தோற்றவர்கள் அல்லர். அவர்களுடைய தாய்மார்கள் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் சமவாய்ப்பு மையம் வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012-லேயே விதி வகுத்திருந்தது. 2026 ஜனவரியில் புதிய விதிகளை அறிவித்தது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்திவைத்தது. நீதிமன்றத்தில் என்ன நடந்தாலும், ஒரு மாணவியிடம் 'சாப்பிட்டாயா, பாடம் புரிகிறதா' என்று கேட்க எந்த விதியும் நமக்குத் தேவையில்லை.

இதைச் செய்துகாட்டிய கத்தோலிக்கக் கல்லூரி ஒன்று உண்டு. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், கறுப்பின மக்களுக்காகப் புனித கேத்தரின் ட்ரெக்சல் தொடங்கிய பள்ளி 1925-ல் கல்லூரியாக வளர்ந்தது. அதுவே இன்றைய சேவியர் பல்கலைக்கழகம். சில ஆயிரம் மாணவர்கள் மட்டுமே படிக்கும் இந்தச் சிறிய நிறுவனம், கறுப்பின மாணவர்களை மருத்துவப் படிப்புக்கு அனுப்புவதில் பல ஆண்டுகள் அந்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. பள்ளியில் படிக்கும்போதே பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் அழைத்துப் பழக்கினார்கள். தனியாகப் படிக்க விடாமல் குழுவாக அமர்த்தினார்கள். மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுத்தார். பின்தங்குகிற பிள்ளை தேர்வில் தோற்கும்வரை யாரும் காத்திருக்கவில்லை. நம் ஊர் இரவுப் பாடசாலைகளை நினைத்துப் பாருங்கள். அதே காரியம்தான், ஒழுங்காகவும் விடாமலும் செய்தார்கள்.

1968 முதல் 2015 வரை அதன் தலைவராக இருந்த நார்மன் பிரான்சிஸ் ஒரு முடிதிருத்துபவரின் மகன், அதே சேவியரில் படித்தவர். இதைக் கவனிக்க வேண்டும். அந்த நிறுவனம் ஏழைப் பிள்ளைக்கு உதவியதோடு நிற்கவில்லை. தலைமை நாற்காலியையும் அவரிடம் கொடுத்தது. நம் கல்லூரி ஆட்சிக்குழுக்களிலும் பங்குப் பேரவைகளிலும் கடற்கரை, காணி, தலித் வீடுகளிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் நமக்கே சங்கடமாக இருக்கும். மாணவர் தலைமைக்கு வழி நம்மிடம் இல்லாமல் இல்லை. 1924-ல் பிறந்த ஐக்கஃப் இயக்கம் நூறாண்டைக் கடந்துவிட்டது. அதன் கூட்டங்களுக்குக் கடைசி வரிசைப் பிள்ளையை அழைத்துப் போகிறவர் யார்?

திருவிழா வாணவேடிக்கைக்கு வீடு வீடாக வரி பிரிக்கத் தெரிந்தவர்கள் நாம். பங்கிலுள்ள பட்டதாரிகள் இருவர், மாதம் இரண்டு சனிக்கிழமை மாலை, முதலாண்டு மாணவர்களோடு உட்கார்ந்தால் வரி எதுவும் பிரிக்க வேண்டியதில்லை. ஆசிரியர்கள் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறார்கள். அன்பியங்களில் விவரம் கேட்கலாம். போன ஆண்டு பெயர் வாசித்துக் கைதட்டிய அந்தப் பட்டியல் பங்கு அலுவலகத்தில்தான் இருக்கும். அதை எடுத்து, முதல் பெயரிலிருந்து ஒவ்வொரு வீடாகப் போய் விசாரிக்கத் தொடங்கலாம்.