பெருக்கம் மிகுந்தால் காட்சி மிகுமா?

ஆவடிப் பருத்திப்பட்டு ஏரிக்கரையிலும், அம்பத்தூர் ஏரியோரத்திலும், பூவிருந்தவல்லிக்கு அப்பால் கடல்போல் பரந்து கிடக்கும் செம்பரம்பாக்கத்திலும் பறவைகளைக் காணும் ஆசைகொண்டு புதிதாகப் பைனாகுலர் வாங்கப் புகும் ஒருவருக்கு, கடைக்காரரும் நண்பரும் ஒருவாய்ப்படக் கூறும் உபதேசம், ‘பவர் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது, கூட்டவும் குறைக்கவும் ஆகும் ஜூம் வகை அகப்பட்டால் அதுவே உத்தமம்’ என்பதாகும். இந்த அபிப்பிராயத்தை நம்பிப் பணத்தைச் செலவிட்டு, பிறகு பறவை பார்ப்பதே தமக்கு வராத வித்தை என்று மனம் சோர்ந்து கருவியைப் பெட்டியில் பூட்டிவிடுகிறவர்கள் உண்டாதலால், இதனை மறுத்துரைப்பது அவசியமென்று கருதுகிறேன்.

தொலைவிலுள்ளதை அண்மையில் காட்டுவதே கருவியின் தொழில், ஆகவே இருபது மடங்கு பெருக்குவது எட்டு மடங்கு பெருக்குவதினும் மேல் என்பது முதல் வாதம். இருநூறு மீட்டர் தொலைவில் உள்ள நாரை பத்து மீட்டரில் நிற்பதுபோல் தோன்றும் என்ற கணக்கு வாஸ்தவமே. ஆனால் பெருக்கம் ஏற ஏறப் பார்வைப் புலம் சுருங்கும் என்பதை அவ்வாதம் மறந்துவிடுகிறது. ஆயிரம் மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 130 மீட்டர் அகலத்தை எட்டு மடங்குக் கருவி காட்டுமிடத்தில், இருபது மடங்குக் கருவி அதிற் பாதியும் காட்டாது. அசையாமல் தவம் கிடக்கும் நாரைக்கு இது போதும். நீர்மேல் தாழப் பறந்து, திடீரெனத் திரும்பி, அலகால் நீரைத் தொட்டு எழும் மீசை ஆலாவை அக்குறுகிய வட்டத்துள் பிடிக்க முயன்றவர், வானத்தையும் நீரையும் மாறி மாறிக் கண்டதன்றி ஆலாவைக் கண்டிரார். அடர்காட்டில் வேட்டையாடிய மேனாட்டார் தம் துப்பாக்கியின் தொலைநோக்கிக்கு ஒன்று முதல் நான்கு மடங்கு வரையிலான சிறு பெருக்கத்தையே விரும்பியதும் இக்காரணம் பற்றியே. அருகில் குறுக்கே ஓடும் விலங்கைப் பெரும் பெருக்கத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது. வேட்டை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் நம் நாட்டில் குற்றமாயிற்று. அவர்கள் கண்ட ஒளியியல் உண்மை மட்டும் மாறவில்லை.

கையை உறுதியாக வைத்துக்கொண்டால் போதும் என்பார் சிலர். எத்துணை உறுதியான கையும் மூச்சினாலும் இதயத் துடிப்பினாலும் நுண்ணிதாய் அசைந்துகொண்டேயிருக்கும். பறவையை இருபது மடங்கு பெருக்கும் கருவி அந்த அசைவையும் இருபது மடங்கு பெருக்கும். கரைமேல் காற்றும் வீசினால், தாமரை இலைமீது நடக்கும் இலைக்கோழியின் கழுத்து நிறத்தை நிர்ணயம் செய்வது யாருக்கும் அசாத்தியம். பத்து மடங்கு வரையே கைக்கு அடங்கும், எட்டே சௌகரியம்.

பெரிய உருவம் மங்கிய ஒளியிலும் தெளிவாய்த் தெரியும் என்ற எண்ணமும் முழு உண்மையன்று. முகப்பு வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும்: எட்டு மடங்கும் 42 மில்லிமீட்டர் வில்லையும் உடைய கருவியில் அது 5.25 மில்லிமீட்டர், இருபது மடங்கும் 50 மில்லிமீட்டரும் உடையதில் 2.5 மட்டுமே. நடுப்பகலில் நம் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டராகச் சுருங்கியிருப்பதால் வேறுபாடு புலப்படாது. அந்தி சாய்ந்து, நீலத் தாழைக்கோழி கோரைப்புல்லிலிருந்து வெளிப்பட்டு மேயும் வேளையில், கண்மணி விரிந்து ஒளியை வேண்டி நிற்க, இருபது மடங்குக் கருவி அதற்கு ஈய ஒளியின்றி மங்கிவிடுகிறது. முதுமையில் கண்மணி முன்போல் விரியாதாகையால் வயது முதிர்ந்தோர்க்கு இந்த இழப்புச் சற்றே குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜூம் பைனாகுலர் பற்றிய வாதமே கேட்போரை மிகவும் மயக்குவது. ஒரே கருவியில் இரண்டு நன்மையும் கிடைக்குமானால் யார்தான் வேண்டாமென்பார்? ஆயின் இரு குழல்களிலும் வில்லைகள் ஒரே அளவாய் நகர்ந்தாலன்றி இரு கண்களுக்கும் ஒரே உருவம் அமையாது. மலிவான கருவிகளில் இந்த ஒற்றுமை விரைவில் குலைய, கண்வலியும் தலைவலியும் தொடரும். அன்றியும், மிகக் குறைந்த பெருக்கத்தில் வைத்தபோதும் பெரும்பாலான ஜூம் வகைகளின் பார்வைப் புலம் அதே பெருக்கமுள்ள சாதாரணக் கருவியினதைவிடக் குறுகியதாகவே இருக்கிறது. எந்த முனையில் அகலம் வேண்டி வாங்கினோமோ அந்த முனையிலேயே அது கிடையாது.

எதிர்க்கட்சியாரின் பக்கம் நியாயம் உள்ள இடம் ஒன்றுண்டு. செம்பரம்பாக்கத்தில் நீர் வற்றிய மாதங்களில் தொலைவிலுள்ள சேற்றுத்திட்டில் கூட்டமாய் இரைதேடும் உள்ளான்களை இனம் பிரித்தறிய எட்டு மடங்கு போதவே போதாது. அதற்கு முக்காலியில் பொருத்திய ஒற்றைக்குழல் தொலைநோக்கியே தக்கது. ஒரே குழலாதலால் அதில் இருபது முதல் அறுபது வரை மாறும் ஜூமும் குற்றமற்றது. அங்கும் இருபதில் வைத்துப் பறவையைத் தேடிக் கண்டபின்னரே ஏற்ற வேண்டும். வெயில் ஏறி நீர்மேல் கானல் அலையத் தொடங்கிய பிறகு, அறுபதில் தெரிவது பறவையின் நடுங்கும் நிழலுரு மட்டுமே.

வாங்குமுன் கருவியுடன் கடைவாசலுக்கு வந்து, தெருக்கோடியிலுள்ள பெயர்ப்பலகையின் சிற்றெழுத்து ஒன்றை எங்கும் சாய்ந்துகொள்ளாமல் நின்றபடி படித்துப் பார்க்கவேண்டும். எழுத்து துள்ளுமானால், கடைக்காரர் என்ன சொன்னாலும் அதைத் திருப்பிக் கொடுத்து எட்டு மடங்கையே கேட்டு வாங்கலாம்.