தெருவும் பணியிடமே

ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினர் பலர், சாமை விளைச்சல் கைகொடுக்காதபோது கட்டட வேலை தேடி நகரங்களுக்கு இறங்குகின்றனர். அந்நகரத் தெருக்களைப் பெருக்குவோரில் பெரும்பாலோர் தலித்துகள். இரு தரப்பினரும் சுவாசிப்பது ஒரே புழுதியையும் புகையையும்தான்.

பி.எம். 2.5 நுண்துகளின் ஆண்டுச் சராசரி, ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியா அனுமதிப்பதோ 40. இத்துகள்கள் நுரையீரலோடு இதயத்தையும் தாக்குகின்றன. கடும் வெயில் சிறுநீரகத்தைப் பழுதாக்குகிறது. வேலை பறிபோகும் என்ற அச்சத்தில் எவரும் ஓய்வு கேட்பதில்லை. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்துப் போராடியதும் பணிப் பாதுகாப்புக்காகவே.

தொழிலாளரின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என, கல்நார்த் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்தது. 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்த தமிழ்நாடு அரசு, உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது. ஆனால் ஆண்டுக்கணக்கில் நலிந்த நுரையீரல், தொழிலாளி மலைக்குத் திரும்பிய பிறகே நோயாக வெளிப்படுகிறது. அப்போது ஒப்பந்ததாரரின் பதிவேட்டில் அவர் பெயர் இருப்பதில்லை.

எனவே நிழல், குடிநீர், ஊதியத்துடன் நண்பகல் ஓய்வு, ஆண்டு மருத்துவப் பரிசோதனை ஆகியவை ஒவ்வொரு பணி ஒப்பந்தத்திலும் கட்டாய நிபந்தனையாக வேண்டும். மரணத்துக்குப் பின் வரும் நிவாரணம் உரிமையாகாது.