பாரம் ஏற்றியது யார்?

அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து கிளம்பும் லாரி அதிக பாரத்துடன் பூந்தமல்லி சாலையில் பிடிபட்டால், கையைப் பிசைந்து நிற்பவன் டிரைவர். முதலாளியோ, "எனக்கொன்றும் தெரியாது" என்பார்!

டன் கணக்கையும் வாடகையையும் டிரைவரா பேசி முடித்தான்?

2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய். கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் தனி. ஐந்து டன் மிஞ்சினால் 30,000! பேட்டாவை நம்பிப் பிழைப்பவன் எங்கே போவான்?

ஓட்டியவனை மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரையும் அனுமதித்தவரையும் தண்டிக்கிறது 194ஆவது பிரிவு. முதலாளி அறிந்தோ, அவர் உத்தரவின் பேரிலோ குற்றம் நடந்ததெனக் கோர்ட் அனுமானிக்கலாம் என்கிறது 113ஆவது பிரிவு. 1988ஆம் வருஷத்துச் சட்டம், ஐயா! ஏட்டில் தூங்கவா எழுதினார்கள்?

டிரைவரின் லைசென்சைக் கேட்கும் அதிகாரிகளே, பெர்மிட்டையும் புரட்டுங்கள். அதிலுள்ள பெயருக்குச் சம்மன் போகட்டும்!