ரோபோக் கூடம் அன்பளிப்பா? உரிமையா?

நாடா வெட்டப்படுகிறது. கரவொலி எழுகிறது. பொன்னாடை போர்த்தப்படுகிறது. அமைச்சர் பெருமான் பொத்தானை அழுத்துகிறார். நான்கு சில்லுகள் பூண்ட சின்னஞ்சிறு வண்டியொன்று மேசைமீது ஊர்ந்து செல்கிறது; தடை கண்டதும் தானே திரும்புகிறது. படம் பிடிக்கப்படுகிறது. வண்டியைச் செய்த மாணவன் படத்தின் ஓரத்தில் பாதி முகத்தோடு நிற்கிறான். அமைச்சரின் பெயரோ சலவைக்கல்லில் முழுமையாக நிற்கிறது!

இலங்கையின் எம்மூலையிலும் காணக்கூடிய காட்சி இது. நாம் கேட்பது ஒன்றே ஒன்று: ஆறு மாதத்தில் அவ்வண்டியின் மின்கலம் தளர்ந்துவிடுமே, அன்று புது மின்கலம் வாங்கித் தருபவர் யார்? விழாவுக்கு வந்தவர் வரமாட்டார். அதிபர் வைத்திருக்கும் பணம் சுண்ணக்கட்டிக்கும் காணாது. ஆசிரியர் தம் சட்டைப்பையைத் தடவுவார். வண்டி அலுமாரிக்குள் ஏறும். அலுமாரி பூட்டப்படும்.

“ரோபோ நமக்கு எதற்கு? பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டல்லவா?” என்று படுவான்கரை விவசாயி கேட்கலாம். ஐயா, சற்றே பொறுத்துக் கேளுங்கள். ரோபோ என்பது மூன்று பொருள்களின் கூட்டு: சூழலை அளக்கும் உணரி, அளந்ததைக் கணிக்கும் சிறு பலகை, கணித்தபடி இயங்கும் மோட்டார். நெல் சந்தைப்படுத்தும் சபை உங்கள் நெல்லில் ஈரம் 14 வீதத்திற்கு மேற்படலாகாது என்கிறது. அதை அளக்கும் கருவி யாரிடம் இருக்கிறது? வாங்குபவனிடம்! அவன் சொல்வதே அளவு. அவன் வைப்பதே விலை. உணரியைக் கற்ற மாணவன் உங்கள் வட்டைக்கே ஓர் ஈரமானியைச் செய்து தருவான். உன்னிச்சைக் குளத்து வாய்க்காலில் நீர் எத்தனை அங்குலம் என்பதை வட்டவிதானையின் தொலைபேசிக்கு நள்ளிரவிலும் அறிவிக்கும் கருவியைச் செய்வான். இது விளையாட்டா? வயிற்றுப்பாடா?

காத்தான்குடிக்கோ இப்பாடம் புதிதன்று. தறியோசை கேட்ட ஊர் அது. 1977இல் இறக்குமதியின் கதவு அகலத் திறக்கப்பட்டபின் இந்நாட்டின் கைத்தறி நலிந்தது. காத்தான்குடித் தறிகளும் தப்பவில்லை. எங்கோ ஓடிய இயந்திரம் இங்கே ஓடிய தறியை நிறுத்திற்று. இயந்திரத்தைச் செய்யக் கற்றவன் ஆள்கிறான். வாங்க மட்டும் கற்றவன் கடனாளியாகிறான். இரண்டாவது முறையும் நாம் கடனாளியாக வேண்டுமா?

ஒரு மாணவர் குழு ரோபோ செய்ய விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அது எந்தக் கதவைத் தட்டுவது? தேசியப் பாடசாலையாயின் பத்தரமுல்லையில் இருக்கும் கல்வி அமைச்சைத் தட்ட வேண்டும். நாட்டின் ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகளுள் தேசியப் பாடசாலைகள் 400க்கும் குறைவு. எஞ்சியவை மாகாணத்தின் பொறுப்பு. கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல உருண்டும் தேர்தல் இல்லை, ஆளுநர் ஆட்சியே நீண்டது. தட்டக் கதவிருந்தது; திறக்க ஆளில்லை!

எஞ்சிய வழி பாராளுமன்ற உறுப்பினரின் வாசல். 1974இல் தொடங்கிய பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம் அவர் கையில் ஒரு பங்கை வைத்தது. அப்பணம் மக்கள் செலுத்திய வரி. ஆயினும் அது பாடசாலைக்கு வரும்போது ‘உறுப்பினரின் அன்பளிப்பு’ ஆகிவிடுகிறது. கொடுத்தவருக்கு மாலை, வரி கட்டியவருக்கு மேடையின் கீழே நாற்காலி! எதிர்க்கட்சிக்கு வாக்களித்த ஊரின் பிள்ளை என்ன பாவம் செய்தது?

இன்னும் கேளுங்கள். காத்தான்குடியும் ஆரையம்பதியும் ஒட்டிப் பிறந்த ஊர்கள். வாவி ஒன்று, கடல் ஒன்று, மொழி ஒன்று. ஆனால் காத்தான்குடிப் பாடசாலைகள் மட்டக்களப்பு மத்தி வலயத்தில். ஆரையம்பதிப் பாடசாலைகள் வேறு வலயத்தில். இங்கே ஒரு கருவி கிடைத்தால் அங்கே பொருமல். அங்கே ஒரு கட்டிடம் எழுந்தால் இங்கே புகைச்சல். ‘உன் ஆளிடம் நீ கேள், என் ஆளிடம் நான் கேட்கிறேன்’ என்று தமிழ் பேசும் இரு சமூகங்களையும் எதிரெதிர் வரிசையில் நிறுத்த அன்பளிப்பு அரசியலைவிடச் சிறந்த கருவி உண்டா?

பெயர் சூட்டும் மோகத்தையும் பார்த்துவிட்டோம். மகிந்த ராஜபக்ச ஆட்சிக் காலத்தில் 1,000 இடைநிலைப் பாடசாலைகளுக்குத் தொழில்நுட்ப ஆய்வுகூடங்கள் என்று திட்டம் வகுக்கப்பட்டது. நோக்கம் நல்லதே, மறுக்கவில்லை. 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கியதும் நல்லதே. ஆனால் அக்கூடங்களுக்கு இட்ட பெயர் என்ன? ‘மகிந்தோதய’! மக்கள் பணத்தில் எழுந்த கூடத்தில் ஆள்பவரின் பெயர் உதித்தது. 2015 சனவரியில் அவர் ஆட்சி அத்தமித்தது. ஒருவர் பெயரால் பிறந்த திட்டத்தை அவரைத் தோற்கடித்து வந்தவர் சொந்தப் பிள்ளையாக வளர்ப்பாரா? ஆட்சி மாறலாம், ஆய்வுகூடம் அநாதையாகலாமா?

இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டைப் பாருங்கள். 2024-25ஆம் ஆண்டின் பாடசாலைக் கல்வி நிதியில் 2,152 கோடி ரூபாவை இந்திய மத்திய அரசு நிறுத்தி வைத்தது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்று ஒப்பமிட்டால்தான் பணம் என்றது. தமிழ்நாடு 2025இல் உச்ச நீதிமன்றப் படியேற நேர்ந்தது. பிள்ளைகளின் பணத்தை ஈடாக வைத்துக் கொள்கைப் பேரம் நடத்துவது எந்த அறம்?

அதே இந்தியாவில் கேரளம் வேறு வழி கண்டது. 29,000 ரோபோக் கருவித் தொகுதிகளைப் பாடசாலைகளுக்கு அனுப்பி, 2025 யூன் முதல் பத்தாம் வகுப்புப் பாடநூலிலேயே ரோபோவைச் சேர்த்தது. 4.3 இலட்சம் மாணவர் கற்கும் பாடமாயிற்று அது. பாடத்தில் ஏறியதால் எவருடைய தயவும் தேவையற்றுப் போயிற்று.

“2022இல் கடனைக் கட்ட முடியாது நின்ற நாடு; தாள் இல்லாமல் பரீட்சையைப் பிற்போட்ட நாடு; இதற்கு ரோபோ ஒரு கேடா?” என்பார் சிலர். நாம் திருப்பிக் கேட்கிறோம்: செல்வம் கொழித்த காலத்திலா இலவசக் கல்வி வந்தது? உலகப் போர் ஓய்ந்தும் ஓயாத 1945இல், உணவுப் பங்கீடு நடந்த நாட்டில், கன்னங்கரா அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். சலுகையாகத் தந்திருந்தால் அடுத்த அமைச்சர் பறித்திருப்பார். உரிமையாகத் தந்ததால் எண்பது ஆண்டுகள் எவராலும் பறிக்க முடியவில்லை. இதை எழுதும் கையும், படிக்கும் மருத்துவர், பொறியியலாளர், ஆசிரியர் கண்களும் அவ்வுரிமையின் பிள்ளைகளே!

ஆகவே நாம் யாசிக்கவில்லை, கேட்கிறோம். மாணவர் தொகைக்கு ஏற்ப ஒவ்வொரு பாடசாலைக்கும் தொழில்நுட்ப நிதி ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் தனி வரியாக எழுதப்படட்டும். கருவிக்கு ஒரு பங்கென்றால் பழுதுபார்க்கவும் ஒரு பங்கு இருக்கட்டும். கற்பிக்க ஆசிரியரும், கற்கத் தமிழில் நூலும் வரட்டும். அயலூர்ப் பாடசாலைகள் வலய எல்லை கடந்து ஒரே கூடத்தைப் பகிரட்டும். எக்கூடத்திலும் உயிரோடிருக்கும் எந்த அரசியல்வாதியின் பெயரும் பொறிக்கப்படாதிருக்கட்டும்.

தொழில் கற்றோரே, உங்கள் பழைய பாடசாலையின் பூட்டிய அலுமாரியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். விவசாயப் பெருமக்களே, அடுத்த தேர்தலில் உங்கள் வரப்புக்கு வருபவரிடம் கருவி கேட்காதீர்கள், கணக்குக் கேளுங்கள்!

மேசைமீது ஊர்ந்த வண்டி தடை கண்டதும் திரும்பியது. அது இயந்திரம், திரும்பட்டும். நாம் திரும்ப வேண்டியதில்லை!